சைகோன் கமலாவைத் தெரியுமா?

இன்று லிட்கம் பேக்கரியில் அம்மாவுடன் ஃபோனில் கதைத்தபடி பாண் வாங்கினேன். கடை நடத்தும் வியட்நாம் அன்ரி திடீரென்று தமிழில் கேட்டார்: "சாப்பிட்டியா?"

திகைத்துப்போனேன். மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னார்.

எழுபதுகளில் அவர் சைகோனில் சிறுமி. வீதியில் எப்போதும் இரைச்சல், ஆனால் அவர்கள் இருந்த ஒழுங்கைக்குள் சத்தமே இராதாம். பக்கத்து வீட்டுத் தமிழ்ப்பிள்ளை கமலா அவரின் உயிர்த்தோழி.

யுத்தம் முடிந்ததும் கமலா வீட்டார் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். கமலா தன் நாயை இவரிடம் ஒப்படைத்து, "நல்லா பாத்துக்கோ" என்று அழுதாளாம்.

"பிறகு நாய்க்கு என்ன நடந்தது, அன்ரி?"

"பூட்டின அந்த வீட்டு வாசலிலேயே படுத்துக் கிடந்தது. எதைக் குடுத்தும் தின்னேல்லை. அந்த மாதமே செத்துப்போச்சு."

கடைக்கு வரும் தமிழர்களிடமெல்லாம் கமலாவைத் தெரியுமா என்று கேட்பாராம். எனக்கும் தெரியவில்லை.

பாணைத் தந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கயாவது கண்டால், நாய் கனகாலம் சந்தோஷமா இருந்தது எண்டு சொல்லு."

"ஓம் அன்ரி" என்றேன்.

சைகோன் கமலாவைத் தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். கமலாவுக்கு இந்தப் பதிவை மட்டும் காட்டிவிடாதீர்கள்.