தேசிக் கை வைக்காத ஜாடி

பாங் தேசிக் தன் வாழ்க்கையைச் சொல்ல ஆரம்பித்தால் மானில் தொடங்கி நத்தையில் முடிப்பார்.

முப்பத்தைந்து வயதில், மருந்துக்கு விற்கிற கொம்புக்காக மான் வளர்த்தார். நாட்டில் பாதிப் பேர் அதே வருஷம் மான் வளர்த்தார்கள். கொம்பை வாங்கத்தான் ஆளில்லை. அடுத்தது கிவித் தோட்டம். மூன்றாம் வருஷம் காய்க்கும் என்றார்கள். இரண்டாம் வருஷமே உறைபனி இறங்கி, கொடியைக் கரிக்கட்டையாக்கிவிட்டுப் போனது. அப்புறம் ஊருக்குள் ஒரு பாட்டு அறை திறந்தார். மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி மைக் பிடித்துப் பாடுகிற இடம். பத்து மாதத்தில் அங்கே அதிகம் பாடியவர் தேசிக்தான். கடைசியாக, கறிக்கு விற்க இரும்புக் கொட்டகையில் நாற்பதாயிரம் நத்தை. ஒரு மழை நாளில் கதவைச் சாத்த மறந்துவிட்டார்.

"இந்தக் கொரியாவுலயே நத்தையைத் துரத்திப் பிடிக்க முடியாத ஒரே ஆள் நான்தான்" என்பார். யாரும் சிரிப்பதற்கு முன்னால் தானே முதலில் சிரித்துவிடுவார். அது அவர் பழக்கம்.

கோஹங் கடற்கரைப் பக்கம் சோல்மே என்கிற ஊர் அவருடையது. ஊர்க் கோடியில் மேட்டின் மேல் கல்லால் கட்டிய சின்ன தேவாலயம். சபையில் முப்பத்தொரு பேர். போதகர் குடும்பத்தை விட்டுவிட்டால் எல்லோருக்கும் இளையவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. தேசிக் அங்கே போக ஆரம்பித்ததற்கும் பக்திக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அவர் மனைவி போங்னிம் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டாள். ஆராதனை முடிந்ததும் கோயிலில் முள்ளங்கிக் கீரை சூப்பும் சோறும் போடுவார்கள். சூப்புக்காகப் போனவர் இருபது வருஷமாகப் போய்க்கொண்டிருந்தார்.

அந்தக் கோயிலுக்கு ஒரு குறை இருந்தது. கழிப்பறை வெளியே, பின்பக்கச் சரிவில், பதினேழு படி கீழே இருந்தது. குளிர்காலத்தில் படியெல்லாம் பனி உறைந்து கண்ணாடி மாதிரி கிடக்கும். அதனால் பெண்கள் சனிக்கிழமை ராத்திரியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆண்கள் பிரசங்கத்தின் நீளத்தைப் பார்த்து மனசுக்குள் கணக்குப் போடுவார்கள். ஒரு ஜனவரி மாதம், எண்பத்தொரு வயது மாக்ரே பாட்டி பிரசங்கத்தின் இரண்டாம் பகுதியில் எழுந்து போனாள். மூன்றாம் பகுதியில் சரிவிலிருந்து அலறல் கேட்டது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அடுத்த வாரம் சபைக் கூட்டம். பியோன் போதகர் நல்லவர், கூச்ச சுபாவி. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நம் ஆலயத்தில் ஓர் அத்தியாவசியமான வசதியை மேம்படுத்துவது குறித்து..." என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தாரே ஒழிய விஷயத்துக்கு வரவில்லை. தேசிக்குக்குக் கால் மரத்துப் போனது.

"ஐயா, கக்கூஸ்னு சொல்லுங்க. ஆண்டவருக்குத் தெரியாததா?"

எல்லோரும் சிரித்தார்கள். சபைப் பெரியவரான கூ மூப்பர் சிரிக்கவில்லை, பேனாவைத் திறந்தார். "சரியாச் சொன்னாரு. கட்டடக் கமிட்டித் தலைவரா தேசிக் தம்பியையே போட்டுரலாம். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

ஆட்சேபணை இருந்த ஒரே ஆள் போங்னிம். "இவரையா? நத்தையே இவர்கிட்ட நிக்கல. பணம் நிக்குமா?" என்றாள். அதற்குள் கை தட்டிவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது தேசிக்குக்குப் புதிதல்ல. ஆனால் தேவனுடைய சந்நிதியில் மாட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

உள்ளேயே கழிப்பறை, சூடான தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு மூன்று என்று மேஸ்திரி போட்ட மதிப்பு ஒரு நல்ல டிராக்டரின் விலைக்கு வந்தது. தேசிக் சளைக்கவில்லை. ஊரை விட்டுப் போன பிள்ளைகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். சரியாகப் பன்னிரண்டாம் நாள் சியோலிலிருந்து ஜின் முதலாளி போன் செய்தார். கதவு, ஜன்னல் செய்கிற கம்பெனிக்குச் சொந்தக்காரர். அவருடைய அப்பா இந்தச் சபையில் மூப்பராக இருந்து காலமானவர்.

"அண்ணே, முழுச் செலவும் என்னோடது" என்றார் முதலாளி. "ஒரே ஒரு ஆசை. வாசல்ல ஒரு கல்லு வச்சு, அதுல எங்கப்பா பேரைப் பொறிக்கணும். பெரிய எழுத்துல."

"பொறிச்சுட்டாப் போச்சு! கருங்கல்லுலயே பொறிப்போம்!"

"அப்பா பேர்ல ஒரு கட்டடம்... எவ்வளவு நாள் கனவு தெரியுமா? கட்டடம் என்ன, படிப்பகமா?"

தேசிக்குக்குப் பொய் வராது. அதுவும் அவருடைய தோல்விகளில் ஒன்று. "இல்ல தம்பி. ஆம்பளைங்க பக்கம் ரெண்டு, பொம்பளைங்க பக்கம் மூணு..."

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்று ஜின் முதலாளி போனை வைத்தார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பரில் ஊரெங்கும் எலுமிச்சை இனத்து யூஜாப் பழம் மஞ்சளாகத் தொங்கும். தோலைப் பொடியாக நறுக்கி, விதை எடுத்து, சர்க்கரையில் ஊறப் போட்டு, வெந்நீரில் கலந்து குடித்தால் சளிக்குத் தேவாமிர்தம். சபைப் பெண்கள் அதைச் செய்து ஜாடி ஜாடியாகச் சந்தையில் விற்கலாம் என்று முடிவு செய்தார்கள். பதினான்கு பெண்கள் கோயில் சமையலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாள் முழுக்க நறுக்கினார்கள். தலைவர் என்றால் சும்மா இருக்க முடியுமா? டிவியில் ஒரு டாக்டர், பட்டணத்துக்காரர்கள் சர்க்கரையைக் கண்டால் ஓடுகிறார்கள் என்று சொல்லியிருந்தார். பெண்கள் சாப்பிடப் போன நேரத்தில் தேசிக் அறுபது ஜாடிக்குச் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துப் போட்டார். குளிரில் விறைத்துப் போகுமே என்று இரக்கப்பட்டு, அவற்றைப் பக்கத்து அறையில் ஸ்டவ் ஓரமாக அடுக்கி, மூடியை இறுக்கித் திருகியும் வைத்தார்.

எட்டாம் நாள் ஞாயிறு. சபையார் தலை குனிந்து மௌன ஜெபத்தில் இருந்தார்கள். 'டப்!' என்று ஒரு சத்தம். இன்னொன்று. பிறகு வரிசையாக. கூ மூப்பர் ஒரு காலத்தில் பட்டாளத்துக்காரர். கண்ணைத் திறக்காமலே தரையில் படுத்துவிட்டார். பக்கத்து அறையில் பொங்கிப் புளித்த பழம் சுவரெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. கோயில் சாராயக்கடை மாதிரி மணத்தது.

போங்னிம் அவரைச் சமையலறை வாசலிலேயே நிறுத்தினாள். "தூக்கு. வண்டி ஓட்டு. கத்து. இந்த மூணு வேலைதான் உனக்கு. ஜாடிக்குள்ள விரலை விட்ட, அந்த விரலையும் சேர்த்து நறுக்கிருவேன்."

ஐந்து நாளுக்கு ஒருமுறை டவுனில் சந்தை கூடும். தேசிக் இருநூறு ஜாடியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கடை பரப்பினார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: அந்த வட்டாரத்தில் யூஜா விளையாத ஊரே இல்லை. இடப்பக்கக் கடையிலும் யூஜா, வலப்பக்கத்திலும் யூஜா. மத்தியானம் வரைக்கும் இரண்டு ஜாடி விற்றது. அதில் ஒன்றை வாங்கியவர் பியோன் போதகர்.

கால் கடுத்தது. இத்தனை வருஷத் தோல்வியும் வரிசையாக நினைவுக்கு வந்தது. வெறுப்பில் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று கத்தினார்.

"அம்மா, அக்கா, அண்ணே! நான் மான் வளத்தேன், போச்சு! கிவி போட்டேன், கருகிப் போச்சு! நத்தை வளத்தேன், நடந்தே போயிருச்சு! போன வாரம் இந்த யூஜால கை வச்சேன், கோயில்ல குண்டு வெடிச்சுது! ஆனா இந்த ஜாடிங்கள்ல என் கையே படல! அதுக்கு நான் கேரண்டி!"

மீன் கூடையோடு போன ஒருத்தி நின்றாள். "நெசமாவே தொடலையா?"

"மூடியைக்கூட என் பெஞ்சாதிதான் போட்டா. என்னை வாசல்லயே நிறுத்திட்டா."

"அப்ப ரெண்டு குடு."

கூட்டம் கூடிவிட்டது. நத்தை எப்படித் தப்பித்தது என்று ஒருவர் கேட்டார். பாட்டு அறையில் என்ன பாட்டு பாடினீர் என்று இன்னொருவர் கேட்டார். சாயங்காலத்துக்குள் லாரி காலி. அடுத்த சந்தையிலும் அப்படியே. மூன்றாம் சந்தைக்கு, யூஜா வேண்டாதவர்கள்கூடக் கதை கேட்க வந்து, கேட்ட தோஷத்துக்கு ஒரு ஜாடி வாங்கிப் போனார்கள். தேசிக்குக்குத் தலைகால் புரியவில்லை. அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு வியாபாரம் ஓடுகிறது.

நாலாவது சந்தைக்கு மகள் மிரான் வந்திருந்தாள். குவாங்ஜூவில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். மத்தியானம் இருவரும் ரத்த சாசேஜ் சூப்புக் கடையில் உட்கார்ந்தார்கள். அவள் கரண்டியைத் தொடவில்லை.

"எப்படி இருந்துச்சு நம்ம கச்சேரி?"

"எல்லாரும் நல்லாச் சிரிச்சாங்கப்பா."

"நீ?"

"எனக்குச் சிரிப்பு வரல. பள்ளிக்கூடத்துல என்னை மான்குட்டி, மான்குட்டின்னு கூப்பிடுவானுங்க. அது போகட்டும்." கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "அந்த மான் கதைல அம்மா எங்க இருக்காங்க?"

"அம்மா... வீட்ல இருந்தா."

"வீட்ல இல்லப்பா. கடல்பாசி ஆலைல இருந்தாங்க. நான் ஸ்கூல் விட்டு வந்தா வீடு பூட்டியிருக்கும். கை ரெண்டும் உப்புல வெடிச்சு, ராத்திரி துணி சுத்திட்டுப் படுப்பாங்க. நீங்க தோத்தீங்க, சரி. அதைச் சொல்லிச் சொல்லி நீங்களும் சிரிச்சாச்சு, ஊரும் சிரிச்சாச்சு. தோத்ததைத் தூக்கிச் சுமந்தது யாருன்னு ஒரு வரிகூட வரலையே."

தேசிக் கிண்ணத்தைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தினார். தன்னைத்தானே கிண்டல் செய்கிறவனுக்குத் தலைக்கனம் கிடையாது என்றுதான் அத்தனை காலமும் நம்பியிருந்தார். இப்போது ஒவ்வொரு கதையாக எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் நட்ட நடுவே அவர்தான் நின்றுகொண்டிருந்தார். மான் மெலிந்து செத்ததுகூட அவருக்கு ஒரு கைத்தட்டலாக முடிந்திருந்தது. சூப்பு ஆறிப்போனது. அப்படியே குடித்தார்.

ஐந்தாவது சந்தையில் பெட்டியின் மேல் ஏறி, மான் கதையைச் சொன்னார். கொம்பு விலை விழுந்த இடம் வந்ததும் நிறுத்தினார்.

"அப்புறம் ஏழு வருஷம் எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சது என்னால இல்ல. என் பெஞ்சாதி பாசி ஆலைக்குப் போனா. குளிர்ல, கடல் தண்ணில கையை விட்டு... இந்த யூஜாவை நறுக்கினதும் அந்தக் கைதான்."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் மெல்லக் கலைந்தது. அன்றைக்கு எழுபது ஜாடி திரும்பி வந்தது.

செய்தி லாரிக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. போங்னிம் வாசலில் நின்றாள். "ஏய்யா, சந்தைல இன்னிக்கு என்னை வித்தியாமே? என்ன விலை போட்ட?"

"விக்கல. நடந்ததைத்தான் சொன்னேன்."

"நடந்ததா? ஏழு வருஷமா? எட்டு. அந்தக் கடைசி வருஷம் எங்க போச்சு?" எழுபது ஜாடியையும் ஒரு பார்வை பார்த்தாள். "இழவு வீட்ல பேசுற மாதிரிப் பேசினா எவன் வாங்குவான்? அடுத்த சந்தைக்கு நானும் வரேன். உனக்கு ஒரு கதைகூட உருப்படியாச் சொல்லத் தெரியல."

வந்தாள். தேசிக் பெட்டியின் மேல், அவள் கீழே ஸ்டூலில். அவர் ஒரு வரி சொன்னால் அவள் இரண்டு வரி திருத்தினாள்.

"நத்தை ஒரே ராத்திரில போயிருச்சுங்க."

"மூணு நாளாப் போச்சு. இவர்தான் மூணு நாளாக் கொட்டகைப் பக்கமே போகல."

"கிவியைப் பனி தின்னுருச்சு."

"வைக்கோல் போட்டு மூடுய்யான்னு தலைபாடாச் சொன்னேன். வானிலை அறிக்கை கேட்டுட்டுத் தூங்கிட்டாரு."

சந்தை குலுங்கியது. இந்தத் தடவை சிரிப்பு யார் பக்கம் என்று தேசிக்குக்கு நன்றாகவே தெரிந்தது. பெட்டியின் மேல் நின்றிருந்தவருக்கு ஸ்டூலில் உட்கார்ந்தவளைப் பார்க்கக் கழுத்து வலித்தது. பாதியில் இறங்கி, ஜாடிகளைத் தாளில் சுற்றிக் கொடுக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். டிசம்பர் முடிவதற்குள் ஆயிரத்து நூறு ஜாடி விற்றது. சபையார் போட்ட காணிக்கையோடு சேர்த்தும் மேஸ்திரி சொன்ன தொகையில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதே தவிர முழுசாக எட்டவில்லை. ஐந்து கழிப்பறை என்பதை இரண்டாக்கினார்கள். சூடான தரையையும் கம்பியையும் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மே மாதம் பிரதிஷ்டை. பியோன் போதகர் கழிப்பறை வாசலில் நின்று, "எங்கள் தேவைகளை... எல்லாத் தேவைகளையும் அறிந்திருக்கிற தேவனே" என்று சமாளித்து ஜெபித்தார். முதலில் போகிற உரிமை மாக்ரே பாட்டிக்கு. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள். முப்பது பேரும் வெளியே மரியாதையாக, சத்தமில்லாமல், காத்து நின்றார்கள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "டேய் தேசிக்கு! இத்தனை பேரும் காதைத் தீட்டிட்டு நின்னா எனக்கு எப்படிடா வரும்? ஒரு பாட்டாவது பாடுங்கடா!"

கூ மூப்பர் சுருதி எடுத்தார். சபை மொத்தமும் பாடியது. நாலு சரணமும் பாடி முடித்துப் பல்லவிக்குத் திரும்பியபோது கதவு திறந்தது. பாட்டி முகம் பிரகாசமாக இருந்தது. "தரை கதகதன்னு இருக்கு. எந்திரிக்கவே மனசு வரல" என்றாள்.

கட்டி முடித்ததும் கமிட்டியைக் கலைத்துவிட்டார்கள். கழுவுவதற்கு மட்டும் யாரும் கை தூக்கவில்லை. சனிக்கிழமை காலையில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தேசிக்தான் போகிறார். பீடத்துக்குப் பூ வைக்க வருகிற போங்னிம் போகிற போக்கில் எட்டிப் பார்ப்பாள்.

"அந்த மூலைல அழுக்கு அப்படியே இருக்கு பாரு."

"எந்த மூலை?"

அவள் பூவைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து விரலால் காட்டுவாள். அவர் அந்த இடத்தைத் திரும்பத் தேய்ப்பார்.