நாய்க்குப் பெயர் இருக்கிறது, தண்டவாளம் போட்டவர்களுக்கு இல்லை

போன சனிக்கிழமை கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் சன்னிவேலில் இருந்து சியரா மலையடிவாரத்துத் தங்கச் சுரங்க ஊர் ஒன்றுக்குப் போய் வந்தோம். நான்காம் வகுப்பு படிக்கும் மகள் யாழினிக்கு, அந்தக் காலத்தில் தங்கம் தேடி ஆட்கள் படையெடுத்த ‘கோல்ட் ரஷ்’ பற்றி ப்ராஜெக்ட். அந்த மலைக்கு ரயில் பாதை போட்டது யார் என்று திங்கட்கிழமை வகுப்பில் பேச வேண்டும். நெட்டில் பார்த்தால் போதாதாம், நேரில் கேட்க வேண்டுமாம்.

சுமார் நூற்று எழுபது மைல். ஆறரைக்குக் கிளம்பினால் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். ஆபர்ன் ஊரைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறும். புளியோதரை டப்பாவை அதற்கு முன்னால் திறக்காதீர்கள். நாங்கள் திறந்தோம், விவரம் வேண்டாம்.

ரயில் மியூசியம் அழகுதான். குட்டி நீராவி எஞ்சின், தாது ஏற்றிய பெட்டிகள். ஆனால் ஒரு சுவர் முழுக்க ரயில் கம்பெனி முதலாளியின் படங்கள். பக்கத்தில் அவர் வளர்த்த நாய்க்குத் தனிப் படம், கீழே அதன் பெயர். பாறையை உடைத்த சீனத் தொழிலாளர்களுக்கு ஒரே ஒரு மங்கலான படம். கீழே ‘வேலையாட்கள்’ என்று மட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுற்றிக் காட்டிய பெரியவர், ஏதாவது கேள்வி உண்டா என்றார். யாழினி கை தூக்கினாள். என் கணவர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

“சும்மா இரும்மா. எதுக்கு வம்பு?”

“கேள்வி கேக்கறது வம்பா?” என்றேன்.

“அடுத்த மாசம் கிரீன் கார்ட் இன்டர்வியூ. மறந்துட்டியா?”

மியூசியத்தில் வாயைத் திறந்தால் கிரீன் கார்டைப் பிடுங்கிக்கொள்வார்களா? பதினோரு வருடமாக வரி கட்டுகிறோம், இன்னும் தும்முவதற்குக்கூட அனுமதி கேட்கும் பிழைப்பு!

பாதை போட்டவர்கள் யார், அவர்கள் பெயர் ஏன் இல்லை என்று நானே கேட்டேன். பாதை போட்டவர்களில் பெரும்பாலும் சீனர்கள்தான், பெயர் போட இடமில்லை என்றார் பெரியவர். நாய்க்கு மட்டும் இடம் இருந்ததா என்றேன். அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

 திரும்பும்போது காரில் யாழினி, “அம்மா, மண்டே நான் வேற டாபிக் பேசறேன். ஐ டோன்ட் வான்ட் அப்பா டு கெட் இன் ட்ரபிள்” என்றாள்.  

போகிறவர்கள் நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், சுரங்கப் பாதையில் சரளைக்கல் அதிகம். தண்ணீர் எடுத்துப் போங்கள். அங்கே உங்கள் பிள்ளை கை தூக்கினால், தயவுசெய்து கீழே இழுக்காதீர்கள்.