எடை குறைந்த லினக்ஸும் பால்பாண்டி வீட்டு சர்வரும்

சர்வர் விழுந்துகொண்டே இருந்தது. நான் லினக்ஸை மாற்றிக்கொண்டே இருந்தேன். நடந்தது இவ்வளவுதான்.

சிவகாசி அச்சகங்களுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். இதில் பாதி வேலை திருப்புளியால், மீதி வேலை வாயால். எனக்கு வாய் குறைவு. பழைய டப்பாவில் லினக்ஸ் போட்டு, வீட்டிலிருந்தே வெப்சைட் ஓட்டிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது. மற்றவர்கள் அடுத்த பக்கம் போகலாம்.

வீட்டுக்குள்ளேயே, ஊருக்கெல்லாம்

பால்பாண்டிக்கு நாரணாபுரம் ரோட்டில் சின்னக் காலண்டர் கம்பெனி. ஆடிப் பதினெட்டு அன்று இங்கே காலண்டர் கம்பெனிகள் பூஜை போட்டுப் புது ஆல்பத்தை வெளியே விடும். வெளியூர் ஏஜென்ட்கள் அதைப் புரட்டி, எந்தச் சாமி, எந்தக் குழந்தை, எந்த அருவி என்று பார்த்து ஆர்டர் சொல்வார்கள். அப்போது வருகிற ஆர்டர்தான் தை வரைக்கும் வேலை. ஆடியில் கோட்டை விட்டவன் கார்த்திகையில் கதவைச் சாத்த வேண்டியதுதான். போன வருடமே பால்பாண்டிக்கு ஆர்டர் மெலிவு. இந்த வருடம் ஆல்பம் அச்சடிக்கவில்லை, வெப்சைட்டில் பாருங்கள் என்று ஏஜென்ட்களுக்குச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

வாடகை சர்வரில் போடலாம் என்றேன். முகம் சுருங்கியது. ஒரு தடவை அவருடைய டிசைன் ஒன்று, ஆல்பம் வருவதற்கு முன்பே அடுத்த தெருவில் அச்சாகிவிட்டதாம். அதிலிருந்து யாரையும் நம்புவதில்லை. கம்பெனியிலும் வைக்கக் கூடாதாம், ஆள் நடமாட்டம் அதிகமாம். வீட்டில் பழைய பில்லிங் மெஷின் ஒன்று கிடக்கிறது, ஒரு ஜிபி ராம், அதில் வையுங்கள் என்றார். வெப்சைட் என்றால் எல்லோரும் பார்ப்பதுதானே தம்பி என்றேன்.

“பாக்கட்டும் அண்ணாச்சி. ஊரே பாக்கட்டும். ஆனா டிசைன் எங்க வீட்டுக்குள்ளதான் இருக்கணும்.”

வேல் நுனி

அந்த மெஷினில் விண்டோஸ் நகராது. லினக்ஸ்தான். எந்த லினக்ஸ்? எல்லோரும் வழுக்குகிற இடம் இது. நான் உபுண்டுவை, படம், ஜன்னல், பொத்தான் என்று முழுத் திரை அலங்காரத்தோடு போட்டேன். பழக்கம், வேறு காரணமில்லை. குற்றம் அதனுடையதல்ல, அது புது மெஷினுக்கு அளவெடுத்த சட்டை. ஒரு ஜிபியில் அதற்கே உட்கார இடமில்லை, வெப்சைட் எங்கே நிற்கும்? ஹார்ட் டிஸ்க் கிரைண்டர் மாதிரி அரைத்தது.

படங்களும் சேர்ந்துகொண்டன. அச்சுக்கு அனுப்புகிற முழு அளவுப் படத்தையே ஏற்றச் சொல்லியிருந்தார். ஒரு முருகன் ஒரு சினிமா அளவுக்கு எடை. சேலத்து ஏஜென்ட் ஒருவரைப் பழகின தோஷத்துக்குச் சோதித்துப் பார்க்கச் சொன்னோம். கொஞ்ச நேரம் கழித்து போன் வந்தது.

“கிரீடமும் வேல் நுனியும் வந்துருச்சுங்க. முருகன் இன்னும் வரலீங்க.”

சுருக்கம்

படங்களை எல்லாம் போன் திரைக்குப் போதுமான அளவுக்குக் குறைத்தேன். லினக்ஸ் எதுவாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பால்பாண்டி பார்த்துக்கொண்டே நின்றார். நான் பையை எடுத்த பிறகு வாய் திறந்தார்.

“வருசம் பூராவும் மங்காம மழுங்காம, மூக்கும் முழியுமா எடுத்துக் குடுத்த படம். சாமியச் சுருக்கினா குத்தம் இல்லையா அண்ணாச்சி?”

கடைக்காரன்

அடுத்தது லுபுண்டு. அதே குடும்பம், அலங்காரம் கம்மி. ஓடியது. சேலத்துக்காரரும் முழுதாகப் பார்த்தார். நான் நிம்மதியாக வேறு வேலைக்குப் போனேன். மறுவாரம் மறுபடி நத்தை வேகம்.

போய்ப் பார்த்தால், பால்பாண்டி சர்வர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அதிலேயே பிரவுசரைத் திறந்து தன் ஆல்பத்தைத் தானே பார்க்கிறார். அதே பிரவுசரில் பக்திப் பாட்டு வேறு. அந்தப் பிரவுசர் தின்ற மிச்சத்தில்தான் சேலத்துக்காரருக்குப் பந்தி. சர்வரில் உட்காரக் கூடாது, போனில் பாருங்கள் என்றேன்.

“கடைக்காரன் கடையில உக்காராம வேற எங்கன உக்காருவான்?”

கருப்பு

உட்கார இடம் இருந்தால்தானே உட்காருவார் என்று, திரை அலங்காரமே இல்லாமல் டெபியன் போட்டேன். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு துடிக்கிற கோடு. வீட்டு சர்வருக்கு இதற்கு மேல் தேவையில்லை. ராமில் முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. நல்ல வேலை செய்தோம் என்று இருந்தேன்.

ஆடிப் பதினெட்டு வந்தது. மெஷினுக்குப் பூ, பொட்டு, சூடம். மானிட்டரைப் போட்டார்கள். வீடே எட்டிப் பார்த்தது. கருப்பு. இந்த ஊரில் சரக்கைவிட லேபிளுக்கு மரியாதை அதிகம். தீப்பெட்டியோ மத்தாப்போ, மேலே படம் கண்ணைப் பறிக்க வேண்டும். பால்பாண்டி சூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் காலண்டர்க்காரன் அண்ணாச்சி. எனக்குப் போயி படமே இல்லாத லினக்ஸக் குடுத்திருக்கீகளே!”

மிச்சம் ஒன்றும் இல்லை

மானிட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏஜென்ட்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் உண்மையான தொல்லை. தினமும் காலையில் பக்கம் திறக்காது. நான் அடித்துப் பிடித்துப் போவதற்குள் தானாக ஓடிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே எடையால் சூடுபட்டவன் நான். இன்னும் எடை குறைக்க வேண்டும் என்றுதான் புத்தி போனது. தாயில்பட்டியில் பீட்டர் சார் என்று என் நண்பர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், லினக்ஸ் பைத்தியம். ஆல்பைன் போடுங்கள், கைக்குட்டை அளவுதான் என்றார். போட்டேன். உண்மையிலேயே கைக்குட்டைதான். கட்டளைகள் கொஞ்சம் வேறு மாதிரி, விரல் பழக ஒரு பொழுது ஆனது. மறுநாள் காலையில் அதுவும் விழுந்தது.

மெஷின் தானே எழுதி வைக்கிற பதிவுகளைப் பார்த்தேன். குறை ஒன்றும் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைப் பொத்தியது போலப் பாதியில் நின்றிருந்தது. கரண்ட் போகிறதா என்று பால்பாண்டியைக் கேட்டேன். இன்வெர்ட்டர் இருக்கு என்றார். இதற்குள் ஈரோட்டு ஏஜென்ட் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கோவைக்காரர் போனை எடுப்பதில்லை. கம்பெனியில் ஆனைக்குட்டத்திலிருந்து வருகிற பெண்கள், இந்த வருசம் காலண்டர் விளிம்பில் தகரம் அடிக்கிற வேலை உண்டா இல்லையா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பால்பாண்டி என் முகத்தைப் பார்த்தார். நான் பீட்டர் சாரிடம், இதைவிட எடை குறைந்தது எது என்று கேட்டேன்.

“இதுக்கு மேல கொறைக்கணும்னா மெஷினத் தூக்கிப் போட்டுட்டு வெறும் பிளக்கத்தான் வச்சுக்கிடணும்.”

கை

காலையில் அவர் வீட்டிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். காபி வந்தது. போனில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஓடியது. பால்பாண்டி குளித்துச் சட்டை போட்டு, கம்பெனிக்குக் கிளம்பினார். என்னோடு பேசிக்கொண்டே வீட்டை ஒரு சுற்று வந்தார். ஃபேன், டிவி, மிக்ஸி, வாஷிங் மெஷின், எல்லா ஸ்விட்சும் டக், டக். அப்படியே மெஷின் இருந்த மூலைக்குப் போய் ஒரு டக். பக்கம் போய்விட்டது.

நீங்களும் நானும் இதைக் கோபிக்க முடியாது. அவர் அப்பா பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கிளம்பும்போது ஒரு ஸ்விட்சுகூட உயிரோடு இருக்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் தாய்ப்பாலோடு கொடுப்பது. காகிதமும் வெடிமருந்தும் உள்ள ஊர். ஆனாலும் நான் கத்தினேன். என் கண் முன்னாலேயே அணைத்துவிட்டு, அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் எங்க அண்ணாச்சி அணைச்சேன்? கை அணைச்சிருக்கு.”

யார் கேட்டா

அப்படியானால் தானாக எழுந்தது எப்படி? அடுப்படியிலிருந்து அவர் மனைவி செல்வமணி வந்தார். கையில் போன். நேராக மூலைக்குப் போனார், ஸ்விட்சைப் போட்டார், திரும்பினார். வைஃபை டப்பாவும் அதே பிளக்கில்தான் இருந்தது. போனில் நெட் நின்றால் அவர் போய்ப் போட்டுவிடுவார். கரண்ட் வந்தால் தானாகக் கிளம்பும்படி மெஷினை நான்தான் அமைத்திருந்தேன். நான்கு லினக்ஸ் மாற்றியிருக்கிறேன். இதை முன்னாலேயே சொல்லக்கூடாதா தாயி என்றேன்.

“நீங்க அங்கன உக்காந்து லினக்ஸ் லினக்ஸ்னு பேசிக்கிட்டு இருந்தீக. சுச்சப் பத்தி என்னய யாரு கேட்டா?”

டேப்

ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டினேன். ‘அணைக்காதே’ என்று எழுதினேன். மறுநாளும் விழுந்தது. வந்து பார்த்தால் டேப் ஒட்டினது ஒட்டினபடியே இருக்கிறது. உள்ளே ஸ்விட்ச் அணைந்திருக்கிறது. டேப் அப்படியே இருந்ததால் செல்வமணியும் ஸ்விட்சைச் சந்தேகிக்கவில்லை. பால்பாண்டிதான் டேப்பைப் பிரித்து, அணைத்து, பழையபடி பதமாக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் வீடு திரும்பியதும், ஸ்விட்சே இல்லாமல் ஒயரை நேராகக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். பால்பாண்டி ஸ்விட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். சேலத்துக்காரர் இன்னும் இரண்டு நாள்தான் பொறுப்பேன் என்று சொல்லியிருந்தார்.

“ஸ்விட்ச் இல்லாத வீட்டுல எனக்குத் தூக்கம் வராது அண்ணாச்சி. ஆர்டர் போனா போகட்டும்.”

சாமி ரூம்

ஆர்டர் போனால் போகட்டும் என்பது செல்வமணி காதில் விழுந்தது. மெஷினைத் தூக்கினார், வைஃபை டப்பாவைத் தூக்கினார், சாமி ரூமுக்குப் போனார். அங்கே படங்களுக்கு மேலே சின்னச் சிவப்பு பல்பு ஒன்று ராப்பகலாக எரிகிறது. கல்யாணமான நாளிலிருந்து அவர் புருஷன் அந்த ஒரு ஸ்விட்சைத் தொட்டதில்லையாம். அதே ஸ்விட்சில் இரண்டையும் மாட்டினார். “சூடத்தத் தள்ளி வச்சிக்கிடுதேன், நீங்க போயிட்டு வாங்க” என்று என்னை அனுப்பிவிட்டார்.

மறுநாள் பால்பாண்டி வீட்டைச் சுற்றினார். டக், டக். சாமி ரூம் வாசலில் நின்றார், கும்பிட்டார், திருநீறு பூசினார், கம்பெனிக்குப் போனார். பக்கம் விழவில்லை. அதற்கடுத்த நாளும் விழவில்லை. மூன்றாம் நாள் சேலத்திலிருந்து போன். பால்பாண்டி ஸ்பீக்கரில் போட்டார். ஆனைக்குட்டத்துப் பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“பதினாலாம் நம்பர் லட்சுமியும் இருபதாம் நம்பர் அருவியும் எனக்குத்தானுங்க, எங்க ஊர்ல வேற யாருக்கும் குடுத்துறாதீங்க, ஆர்டரை இப்பவே எழுதிக்குங்க.”

வீட்டு சர்வருக்கு எடை குறைந்த லினக்ஸ் எது என்று கேட்டு இன்றும் போன் வருகிறது. டெபியன் என்கிறேன், ஆல்பைன் என்கிறேன், ஆனால் அந்த வீட்டில் சர்வரை ஓட வைத்தது இரண்டும் இல்லை, செல்வமணி.