என் வாசலில் கட்டிய வேப்பிலை

பக்தியுள்ள தாய்மாரே, பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. வயிறெரிந்துதான் சொல்கிறேன்.

இலங்கை மலைநாட்டில் ரயில் பண்டாரவளையைத் தாண்டாத காலம். கொஸ்லந்தைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை அறைகளான லயத்தில், எங்களுக்கு ஒரே அறை. ஆடி மாதம் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் வாசலில்தான் கஞ்சி குடித்துக் கால் நீட்டுவார்கள். லயத்து ஜனங்களும் அரிசி, கீரையோடு வந்து கூடிவிடுவார்கள். கடல் தாண்டி வந்த எங்களுக்கு அதுதான் சொந்தபந்தம்.

பக்கத்து அறைச் செல்லாயி என் சட்டியில் சாப்பிட்ட சிநேகிதி. "வர்றவுக எல்லாம் ஒன் வீட்டுக்கேதான் வரணுமாக்கும்?" என்பாள். விளையாட்டென்று சிரித்தேன், மடச்சி!

ஒரு வருடம் ஆடியில் காலையில் கதவைத் திறந்தால், நிலையில் வேப்பிலைக் கொத்து. அம்மை கண்ட வீட்டுக்கு அடையாளம். எங்கள் வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை! ஆனாலும் மாரியம்மன் இலை. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் அவிழ்க்கக் கூடாது. வராத அம்மைக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவேன்?

எங்கள் தோட்டத்தில் வேப்பமரமே கிடையாது. வெல்லவாயாவிலிருந்து வண்டிக்காரர் கொண்டுவந்த இலையை, என் சிவப்புச் சேலையில் கிழித்த துணியால் கட்டி, போன மாதம் செல்லாயி வீட்டில் அம்மை கண்டபோது அவளுக்குக் கொடுத்தவளே நான்தான். அதே கொத்து. அதே துணி.

"அம்மை வீட்டு ஆளு பெரட்டுக்கு வரக்கூடாது" என்று காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் தடுத்தார் கங்காணி. வேலையில்லை, அரிசியும் இல்லை.

"ஒண்ணுமில்லீங்க, புள்ளைங்கள வந்து பாருங்க" என்று கெஞ்சினேன்.

"மறைக்காத புள்ள, ஆத்தா கோவிச்சுக்கும்" என்று தூரத்திலேயே நின்றுவிட்டார். செல்லாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

பிள்ளைகள் பசியில் அழுதன. நானும் அழுதேன். "தாயே, ஒன் எலைய நான் தொடமாட்டேன். நீயே வந்து அவுரு. செஞ்சவள என் கண்ணு முன்னால நிறுத்து" என்று முட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே பெரகலப் பாதையில் அரோகரா சத்தம். "அங்க போகாதீங்க, அம்மை!" என்று லயத்தார் யாத்திரைக்காரர்களைத் தடுத்தார்கள். போன வருடம் வந்த அங்கம்மா மட்டும் நிற்கவில்லை.

"ஆத்தா இருக்கிற வீட்டத் தாண்டிட்டு அவ மகனக் கதிர்காமத்துல பாக்கப் போவமாக்கும்?" என்று உள்ளே வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டவள், பிள்ளைகளை வெளியே தூக்கி வந்து நிறுத்தினாள். "ஒரு அம்மை முத்தக் காட்டுங்க பாப்போம்!" கங்காணி கிட்டே வந்து பார்த்துத் தலைகுனிந்தார். அங்கம்மாவே மஞ்சள் தண்ணீர் தெளித்து இலையை அவிழ்த்து, துணியை என்னிடம் தந்தாள்.

"யாரு கட்டுனது?"

சிவப்புத் துணி என் கையில் இருந்தது. அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அரிசி வந்தது, அடுப்பு எரிந்தது. பந்தியின் கடைசியில் ஒரு தட்டு நீண்டது. செல்லாயி. தாயே, முன்னால் நிறுத்து என்று கேட்டேனே, இப்படியா நிறுத்துவாய்?

அவள் தட்டிலும் ஊற்றினேன். அவள் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. என் வயிற்றெரிச்சலும் முழுசாக அடங்கவில்லை. ஆனால் அன்று முதல் யார் வந்தாலும் முகம் பார்த்து நான் அளந்து ஊற்றுவதில்லை.

ஏமாந்துபோன தாய்மாரே, மாரியம்மனிடம் அழுங்கள், கேட்பாள். கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள். அவள் வர வேறு வழி ஏது?