எங்கள் ஊர்க் கேள்வி

போன வாரம் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கையில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டு நின்றேன். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குப் பொது அறிவு நடத்துவது என் வேலை. கோட்டாற்றில் ஒரு துணிக்கடையின் மாடியில் வகுப்பு. சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரப்போன நேரத்தில் போன் சிணுங்கியது. டிக்சன். பத்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். இப்போது பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஒரு படம் அனுப்புவான், நானும் ஒரு படம் அனுப்புவேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். இந்தத் தடவை ஒரு வீடியோ, அதன் கீழே ஒரு வரி: "மக்கா, நம்மள பாத்தியா?"

யாரோ வேலையற்ற புண்ணியவான் பழைய டிவி நிகழ்ச்சிகளை யூடியூபில் ஏற்றியிருக்கிறார். பள்ளிகளுக்கிடையிலான வினாடி வினா, இறுதிப்போட்டி. திரையில் மாவு அப்பிய முகத்தோடு இரண்டு பையன்கள். பார்த்ததுமே அந்த பவுடரின் மணம் வந்துவிட்டது. சாக்பீஸில் ரோஜாத் தைலத்தைக் கலந்தாற்போல இருக்கும். சென்னை ஸ்டூடியோவில் ஒரு அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே டப்பாவிலிருந்து பூசினார். டிக்சன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "எலே, இப்படி வெளுக்க வச்சு அனுப்புனா எங்கம்மை வீட்டுல ஏத்த மாட்டா" என்றான். அந்த அக்காவே சிரித்துவிட்டார்.

என் கழுத்தில் தொங்குவது ஓவிய சாரின் டை. அதில் பாச்சை உருண்டை வாசம் அடிக்கும். என் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, அச்சில் வந்த எதுவும் தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது. அட்டை கிழிந்த ஒரு பொது அறிவுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நெட்டுரு போட்டு வைத்திருந்தேன். பதிப்பகத்தின் முகவரி உட்பட.

டிக்சன் அப்படியில்லை. கன்னியாகுமரியில் கடலை ஒட்டிய தெருவிலிருந்து தினமும் பஸ்ஸில் பள்ளிக்கு வருவான். அப்பா வள்ளத்தில் மீன் பிடிக்கப் போவார், அம்மா கரையில் மேசை போட்டுச் சங்கும் சிப்பி மாலையும் விற்பார். மார்க்கில் எனக்குப் பின்னால்தான் வருவான். ஆனால் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் மறக்க மாட்டான். பஸ்ஸர் அழுத்தப் பழகுவதற்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு சைக்கிள் பெல். அறிவியல் சார் கேள்வி கேட்பார், யார் முதலில் மணி அடிக்கிறார் என்று போட்டி. ஸ்டூடியோவில் பட்டன் வெண்ணெய் மாதிரி இருந்தது. நான் மணி அடிக்கிற வேகத்தில் கட்டைவிரலால் குத்த, மேசையே ஆடியது. வீடியோவில் அதுவும் இருக்கிறது.

ஜெயிக்கிற இரண்டு பேருக்கும் பிளஸ் டூ வரை ஒரு பெரிய பள்ளியில் தங்கிப் படிக்க இடம் என்று அறிவித்திருந்தார்கள். எனக்கு அது கிடைக்காவிட்டாலும் வேறு வழி இருந்தது. எங்கள் சபையின் போதகர் படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தார். டிக்சனுக்கு வேறு வழி இல்லை. அவன் அப்பா எங்களை ரயிலேற்ற வந்தபோது என் முன்னால் வைத்தே சொன்னார்: "ஜெயிச்சா படி மக்களே. தோத்தா பரீட்சைய எழுதிட்டு நேரா வள்ளத்துக்கு வந்திரு."

முதல் சுற்றில் நாங்கள் முன்னால் இருந்தோம். தலைநகரம், வேதியியல் குறியீடு எல்லாம் என் புத்தகத்தில் உள்ளவை. படம் பார்த்துச் சொல்லும் சுற்றில் நான் வாயைத் திறக்கவே இல்லை. மூன்று படத்துக்கும் டிக்சன்தான் என் காதில் சொன்னான். கேப்டன் சொல்வதுதான் விடை என்பது விதி, ஆகவே மைக் என் முன்னால் மட்டும். பஸ்ஸர் சுற்றில் சென்னைப் பள்ளிப் பையன்கள் எங்களைத் தாண்டினார்கள். கடைசிக் கேள்வி வரும்போது அவர்கள் எண்பத்தைந்து, நாங்கள் எண்பது. கேள்வி எங்களுக்கு. பத்து மதிப்பெண்.

நடத்துகிறவர் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "உங்க ஊர்க் கேள்வி தம்பி, அல்வா சாப்பிடுற மாதிரி. கன்னியாகுமரி முனையில வருஷத்தோட எல்லா நாளும் சூரியன் கடல்லயே மறையறதைப் பார்க்கலாம். சரியா, தவறா?"

என் புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கம்: சூரியன் உதிப்பதையும் மறைவதையும் கடலிலேயே காணக்கூடிய இடம், கன்னியாகுமரி. அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் பிறந்தவன் நான். அதுவரை ஒரே ஒரு முறைதான் அங்கே போயிருந்தேன், பள்ளிச் சுற்றுலாவில். காலையில் போய் மதியம் திரும்பிவிட்டோம்.

வீடியோவில் இந்த இடத்தில் என் தோள் ஒரு குலுங்கு குலுங்கும். மேசைக்குக் கீழே டிக்சன் என் முழங்காலைக் கிள்ளினான். நான் காலை இழுத்துக்கொண்டேன். அவன் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. மூன்று தடவை அசைகிறது. "தப்புலே. தப்புலே. தப்புன்னு சொல்லு." நான் அவன் பக்கம் திரும்பாமல் மைக்கில் "சரி சார்" என்றேன்.

நடத்துகிறவர் டிக்சனைப் பார்த்து, "நீங்களும் அதேதானா?" என்றார். அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். "கேப்டன் சொன்னதுதான் சார்."

அட்டையில் இருந்த விடை, தவறு. ஐந்து மதிப்பெண்ணில் தோற்றோம். திரும்பும் ரயில் வள்ளியூர் தாண்டியதும் அவனாகவே சொன்னான்: "மே மாசம் வாற டூரிஸ்டுக எங்கம்மைய ஏசிட்டுப் போவாங்க, கேட்டியா. சூரியன அவதான் பெட்டியில போட்டுப் பூட்டுன மாதிரி. அந்த மாசத்துல அது கரைக்குப் பின்னாலதாம்ல விழும்."

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருப்பேன். திங்கட்கிழமை அசெம்பிளியில் தலைமையாசிரியர் எங்களை மேடையில் நிற்க வைத்து, "சொந்த ஊர்க் கேள்வியில எப்படில கோட்டை விட்டிய?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "டிக்சனுக்குத்தான் அது ஊரு. அவனே ஒண்ணும் சொல்லல சார்."

மைதானம் முழுக்கச் சிரிப்பு. அவன் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து பையன்கள் அவனைச் சூரியன் என்று கூப்பிட்டார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் அவன் வள்ளத்துக்குப் போனான். நான் படித்தேன். சொல்லிச் சொல்லி, அவன் ஒன்றும் சொல்லவில்லை என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன், இந்த வீடியோவில் அவன் உதட்டைப் பார்க்கும்வரை.

அன்று சாயங்காலம் அவனுக்கு எழுதினேன்: "நீ சொன்ன. அசெம்பிளில நான்தான் பொய் சொன்னேன்." இரண்டு நாள் கழித்துக் குரலாகப் பதில் வந்தது, பின்னால் எஞ்சின் சத்தத்தோடு. "தெரியும்லா. நான் பக்கத்துல தானே நின்னேன்." நடுவே யாரிடமோ வலையை இழுக்கச் சொன்னான். "இங்க ஆனியும் கெடையாது, ஆடியும் கெடையாது. தெனமும் கடல்லதான் விழுது. எங்கம்மைக்க கடை கெடந்த எடத்த ஒரு போட்டோ எடுத்துப் போடு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். மே மாதம், கூட்டம் நெரிந்தது. அவன் அம்மா கடையை எடுத்துவிட்டு இனயம் என்ற ஊரில் மகள் வீட்டோடு போய் வருடங்களாகிவிட்டன என்பது தெரியும். மேசை கிடந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே நேரமானது. அங்கே இப்போது ஒரு லாட்ஜின் கார் நிற்குமிடம், மேற்குப் பக்கம் முழுக்க அதன் சுவர். சூரியன் கடலில் விழுகிற மார்கழியில் வந்து நின்றாலும் இந்த இடத்திலிருந்து ஒன்றும் பார்க்க முடியாது.

போனைத் தூக்கிப் பிடித்தபோது, குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் வந்து, "சன்செட் எங்க சார் பாக்கணும்?" என்றார்.

"இந்த மாசம் கடல்ல விழாது. கரைக்குப் பின்னாலதான்" என்றேன்.

"ஐநூறு கிலோமீட்டர் வந்திருக்கோம், இப்படிச் சொல்றீங்க" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். அவர் மனைவி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

போட்டோ எடுத்தேன். அதில் சுவரும் இரண்டு கார்களும்தான் விழுந்திருக்கின்றன. இன்னும் அவனுக்கு அனுப்பவில்லை.