ஓட்டு மாதத்தில் எழுதாத சீட்டு

எங்கள் கானர்ஸ் ஃபோர்க்கில் போலீஸ் என்றால் வெர்லின் ஸ்டக்கி ஒருவன்தான். திருடன் வந்தாலும் தெருநாய் வந்தாலும் அவனைத்தான் கூப்பிட வேண்டும். ரோந்துக் காருக்கு டயர் தேய்ந்தால் தீயணைப்பு நிலையக் கூடத்தில் பான்கேக் சுட்டு விற்றுப் பணம் சேர்ப்போம். அடுப்பு என்னுடையது, பரிமாறுவது அவன்.

அவன் சம்பளம் வீட்டு வரியோடு கட்டும் காவல் வரியிலிருந்து வருகிறது. அதை நீட்டிக்கலாமா என்று சில வருடங்களுக்கு ஒருமுறை ஊர் ஓட்டுப் போடும். தோற்றால் அவனுக்கு வேலை போய்விடும். அதனால் ஓட்டு நெருங்கினால் உள்ளூர்க்காரர் யாருக்கும் அபராதச் சீட்டு கிடையாது. யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. வெளியூர் வண்டி மட்டும் மாட்டும்.

அந்த அக்டோபரில் ஆர்வில் டிக்ஸ் பள்ளிக்கூடத்தின் முன்னால் பிக்கப் வண்டியைப் பறக்கவிட்டான். வெர்லின் நிறுத்தினான். நான் முட்டை வாங்கிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

"என்ன சீஃப், எனக்கே சீட்டா? எங்க வீட்டுல மட்டும் அஞ்சு ஓட்டு, பாத்துக்க!"

வெர்லின் பேனாவைப் பையில் சொருகினான். "மெதுவா போ, ஆர்வில்."

"உன் முதுகெலும்பை பான்கேக் மாவுலயா செஞ்சாங்க?" என்றேன்.

"ஓட்டு முடியட்டும், வில்டா," என்றான் என்னிடம்.

மறுவாரம் அதே இடத்தில், 'நில்' பலகை பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடக்கவிடும் லியோட்டாவை ஆர்வில் வண்டியால் இடித்துத் தள்ளினான். அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

வரி ஜெயித்தது. அடுத்த பான்கேக் நாளில் ஆளாளுக்கு வெர்லின் கையைக் குலுக்கினார்கள். சக்கர நாற்காலியில் லியோட்டாவும் வந்தாள்.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே தபால்ல உனக்குத்தான் ஓட்டுப் போட்டேன்டா. நீ இல்லாட்டி எங்களுக்கு யாரு?"

அவள் தட்டில் பாகு ஊற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்தவே இல்லை.

"போதும்டா, நான் என்ன இதுல நீந்தவா போறேன்?"

"லியோட்டா, ஆர்வில் டிக்ஸை, உன்னை இடிக்கறதுக்கு முந்தின வாரமே புடிச்சேன். சீட்டு எழுதாம விட்டுட்டேன்."

"ஏன்?"

அவன் பாகுப் பாத்திரத்தைக் கீழே வைத்தான். கூடத்தில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் காரணம் தெரியும். நான் வேகாத பான்கேக்கைத் திருப்பிப் போட்டேன்.

லியோட்டா தட்டைத் தள்ளி வைத்தாள். "என்னை வீட்டுல கொண்டு விடுங்க யாராவது."

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தின் முன்னால் 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு வெர்லின்தான் நிற்கிறான். மாட்டியிருப்பது அவளுடைய ஆரஞ்சு மேல்சட்டை. அது சின்னது, அவனுக்குப் பொத்தான் போட முடியவில்லை. பிள்ளைகள் கையாட்டினால் ரோட்டைப் பார்க்கிறான்.