கிணற்றுப் பாறையில் ஓர் அரசங்கன்று

நாலு இலை விட்டிருந்த நாளிலிருந்தே அந்த மரத்தை எனக்குப் பிடிக்காது. காக்கை எச்சத்தில் வந்த அரசு. எங்கள் கிணற்றுப் பாறையின் வெடிப்பில், தண்ணீருக்குச் சற்று மேலே, யாரோ வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போல வந்து உட்கார்ந்திருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில் நான் வாழ்க்கைப்பட்டேன். அந்த வீட்டில் எனக்குப் பிடித்தது கிணறு மட்டும்தான். சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். இந்தக் கிணற்றில் மட்டும் பாறைக்கு அடியில் ஒரு நல்ல ஊற்று. அந்தத் தண்ணீரில் பருப்பு பூவாக வேகும். ஊர்ப் பெண்கள் தெருக்குழாயடியில் குடத்தோடு மல்லுக்கு நிற்கையில் நான் படியிறங்கி மொண்டுவருவேன். அந்தத் தெம்பில்தான் மாமியாரின் வாயைப் பொறுத்துக்கொண்டேன்.

கிணற்றில் பாதி என் மாமனாருக்கு, பாதி அவருடைய அண்ணனுக்கு. வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதற்கு முன்னால், ஒற்றுமையாக இருந்த காலத்தில், கிணற்றை ஆழப்படுத்த இருவரும் சேர்ந்து வேட்டு வைத்திருக்கிறார்கள். அப்போது பாறையில் விட்ட வெடிப்பு இரண்டு பங்குக்கும் நட்டநடுவில் ஓடியது. அதில்தான் அரசு முளைத்திருந்தது. பிடுங்கிப் போடுங்கள் என்றேன். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஏட்டி, அரசுல கை வச்சா வம்சம் விளங்குமா? வாய மூடு.”

கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அது பாறைட்டீ. வேரு பாறையப் பொளக்கணும்னா நூறு வருசம் ஆவும். அதுக்குள்ள நாம எங்கன இருக்கப் போறோம்?”

எங்கேயோ வாசித்திருக்கிறார். முழுப் பாறைக்கு அந்தக் கணக்கு சரியாகக்கூட இருக்கலாம். வேட்டு வைத்துக் கீறிய பாறைக்கு யார் கணக்குச் சொன்னது? கரிசல் மண் வேறு லேசுப்பட்டதல்ல. கோடையில் கால் போகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் ஊதிப் பெருத்துக் கிணற்றுச் சுவரை உள்ளே தள்ளும். மழைத்தண்ணீர் வெடிப்பில் இறங்கியது. வேரும் பின்னாலேயே இறங்கியது. நூல் நுழையாத இடத்தில் முதலில் என் நகம் நுழைந்தது, அடுத்த மழைக்குப் பிறகு விரல். தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் தொட்டுப் பார்த்து வயிறெரிந்தேன்.

இதற்கிடையில் மாமனாரின் அண்ணன் மனைவி, என் பெரியத்தை, வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். தட்டிக்கொண்டே போன மகள் கல்யாணம் அந்தத் தை மாதம் முடிந்துவிட்டது. அவ்வளவுதான், செடி சாமியாகிவிட்டது.

வேர் என் மணிக்கட்டுப் பருமன் ஆனபோதுதான் இரண்டு வீட்டுக்கும் பயம் வந்தது. வெட்டவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், அரிவாளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. மரம் அண்ணன் பக்கம் என்றார் மாமனார். வேர் தம்பி பக்கம் என்று அங்கிருந்து பதில் வந்தது. என் கணவருக்கு வாகாக ஒரு சாக்குக் கிடைத்தது. நான் மாசமாக இருந்தேன். மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் மரத்தில் அரிவாள் போடக்கூடாதாம். இவர்களுடைய கோழைத்தனத்துக்கு என் வயிறுதான் கிடைத்ததா?

“நானே வெட்டுதேன்” என்று அரிவாளைத் தூக்கினேன். மாமியார் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டார்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆடு மேய்க்கிறவரைக் கூப்பிட்டு, கிணற்று மேட்டுக்கு எட்டிவிட்ட கொப்புகளில் ஆட்டை விட்டு மேயச்சொன்னார்கள். ஆடு கடித்தால் பாவம் ஆட்டுக்கு! தகராறுக்குப் பிறகு இரண்டு வீடும் சேர்ந்து செய்த ஒரே காரியம் இதுதான். ஆடுகள் தழையை மொட்டையடித்தன. மேலே மரத்தைக் காணோம் என்று எல்லோரும் நிம்மதியானார்கள். கீழே வேர் பெருத்துக்கொண்டே இருந்தது. பெரியத்தை வீட்டில் மேலே நின்றே வாளியில் இறைப்பார்கள். படியிறங்கித் தண்ணீர் மொண்டவள் நான் ஒருத்திதானே, சொன்னேன். யார் கேட்டார்கள்?

என் மூத்தவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், கார்த்திகை அடைமழையில், காலை வேளையில் ஊரே அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். பாறை பெரிய பாளமாகச் சரிந்து, படிகளையும் வாரிக்கொண்டு கிணற்றுக்குள் விழுந்திருந்தது. ஊற்றுக்கண் அதன் அடியில். அண்ணனும் தம்பியும் கிணற்று மேட்டில் நின்று, அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக நேருக்குநேர் பேசினார்கள்.

“ஒம் பக்கத்துப் பாறைதான் விழுந்துருக்கு.”

“இல்லண்ணே, ஒங்க பக்கம்.”

எனக்கு அந்த இரண்டு பேரையும் பிடித்து உள்ளே தள்ளலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு கிணற்றில் ஊறியது உப்புத் தண்ணீர். நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாயடிக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவள் முடியைப் பிடிக்கவும் கற்றுக்கொண்டேன். பங்குனியில், சுவரோடு மிஞ்சியிருந்த வேரிலிருந்து சிவப்பாக ஒரு தளிர் எட்டிப்பார்த்தது. வெட்டலாமென்றால் இறங்கப் படியே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் குடத்தோடு வீட்டுக்குள் நுழைகையில் பெரியத்தை வாசலில் நின்றார். கையில் செம்பும் மஞ்சள்பொடியும்.

“மறுபடியும் தளுத்துருக்கு பாத்தியா, சாமிட்டீ அது. உப்புத் தண்ணிய ஊத்தப்படாது. ஒரு செம்பு நல்ல தண்ணி தா.”

குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலேயே சொன்னேன். “நூறு வருசம் கழிச்சு வாங்க பெரியத்தை, தாரேன்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.